ஏணி முடிகிற இடம்

ஆள் இறங்காமலே சரக்கை இறக்குவதற்கென்று உருவான வண்டி ஹாப்பர் டிரெய்லர். மேலே திறந்த நீண்ட தொட்டி. உள்ளே நான்கு பக்கமும் சரிந்து புனலாகக் குவியும் இரண்டு அறைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நகர்ந்து திறக்கும் ஒரு கதவு. வெளியே நின்றபடி கைப்பிடியைச் சுற்றினால் அடிக்கதவு விலகும். மக்காச்சோளமோ சோயாவோ கோதுமையோ தன் எடையாலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் அயோவா, நெப்ராஸ்கா, இல்லினாய் மாநிலங்களிலும் கனடாவின் சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா சமவெளிகளிலும் அறுவடைக் காலத்தில் சாலையெங்கும் தென்படுவது இந்த வண்டிதான். சுமார் நாற்பது அடி நீளம். தரையிலிருந்து மேல் விளிம்பு வரை ஒன்பது, பத்து அடி உயரம். நடைக்கு ஏறத்தாழ 25 டன் தானியம்.

இருந்தும் அதற்குள் ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏறும்போது வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இறங்கிய பிறகு மேலே வர வழியில்லாமல் தவிப்பவர்கள் உண்டு. கொட்டிக்கொண்டிருக்கும் தானியத்தோடு சேர்ந்து கீழே இழுபட்டு மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. மனிதன் நுழையத் தேவையில்லாத வண்டிக்குள் அவன் ஏன் நுழைகிறான், நுழைந்தால் எப்படி வெளியே வருகிறான், அவனைக் காக்க வேண்டிய சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், வண்டியின் ஏணி முடிகிற இடத்திலேயே பொறுப்பும் முடிந்துவிடுவது தெரிகிறது.

உள்ளே போவதற்கு முதல் காரணம், கடைசிக் கைப்பிடித் தானியம். வண்டி காலியான பின்னும் மூலைகளிலும், சட்டங்களின் இடுக்குகளிலும், இரண்டு புனல்களுக்கு நடுவே உள்ள மேட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே சரக்கைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவருக்கு அது பொருட்டல்ல. அடுத்த லோடு வேறு சரக்காக இருந்தால்தான் சிக்கல். விதைப்புக்கென்று மருந்து பூசிய தானியத்துக்கு இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற சாயம் ஏற்றுவார்கள். உணவுத் தானியத்தோடு கலந்துவிட்டால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. அந்த நிற மணிகள் தென்பட்டால் கொள்முதல் நிலையம் முழு வண்டியையும் திருப்பி அனுப்பிவிடும். பைத்தியப் பசு நோய்க்குப் பின் 1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கொண்டுவந்த தீவன விதியும் இப்படித்தான். தடை செய்யப்பட்ட விலங்குப் புரதத்தை ஏற்றிய வண்டியில் மாட்டுத் தீவனம் ஏற்றுவதற்கு முன், ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் சேராதபடி துப்புரவு செய்தாக வேண்டும். இயற்கை வேளாண் தானியம் வாங்குகிறவர்களோ, வண்டி சுத்தமாக இருந்தது என்று ஓட்டுநர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டே கேட்பார்கள்.

ஆக, இருபத்தைந்து டன் தானாக இறங்கிவிடுகிறது. ஒரு பிடி மிச்சத்துக்காக முழு ஆள் உள்ளே போக வேண்டியிருக்கிறது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறச் சொல்வது வாங்குகிறவரின் தர நிர்ணயம். விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது ஓட்டுநர்.

இரண்டாவது காரணம், வெளியே வர மறுக்கும் சரக்கு. எத்தனால் ஆலைகளில் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து வடித்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்துக் கால்நடைத் தீவனமாக விற்கிறார்கள். டிடிஜிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சக்கை சூடு ஆறுமுன் ஏற்றப்பட்டால் வழியிலேயே இறுகிக் கட்டிதட்டிவிடும். இதை ஏற்றிச் செல்லும் ரயில் வேகன்களின் அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்து அடித்துத்தான் இறக்கியிருக்கிறார்கள். சோயாப் புண்ணாக்குத் தூளும் அப்படியே. வடக்கத்திக் குளிரில் ஈர மக்காச்சோளம் உறைந்தும் போகும். அடிக்கதவைத் திறந்தால் வாயருகே இருந்தது மட்டும் கொட்டும். அதற்கு மேலே சரக்கு பாலம்போல வளைந்து நின்றுவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது உறுதியான தரை. காலை வைத்தால் உடையும். கம்பியால் குத்தி உதிர்க்கலாம் என்று மேலே ஏறி நிற்பவர், தான் உதிர்க்கும் சரக்கின் மேலேயே நிற்கிறார்.

தார்ப்பாய் சிக்கிக்கொள்வது, லோடு ஒரு பக்கம் குவிந்துவிட்டால் மண்வெட்டியால் சமன் செய்வது, மாதிரி எடுப்பது ஆகியவை மற்ற காரணங்கள். இவற்றில் மாதிரி எடுப்பது பெரிய நிலையங்களில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பித்தளைக் குழாய்க் குத்தூசியை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாக ஏறிய காலம் போய், எடை மேடை அறைக்குள் உட்கார்ந்தபடியே இயந்திரக் கையால் தானியத்தை உறிஞ்சி எடுக்கிறார்கள். மனிதனை ஏணியிலிருந்து இறக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தத் துறையில் இல்லை. வேகமாக மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்காக வந்த கருவி அது. பாதுகாப்பு உபரி லாபம்.

ஏறுவதற்கு வருவோம். டிரெய்லரின் முன்புறமும் பின்புறமும் ஓர் ஏணி இருக்கும். சில வண்டிகளில் ஒன்றே ஒன்றுதான். படி என்பது பெரும்பாலும் ஒரு குறுகிய அலுமினியப் பட்டை. அதிகாலைப் பனி, மழை, சேறு, தானியத் தூசி எல்லாம் அதில் படியும். படியில் தங்கிய சோயா மணி பூட்ஸ் அடியில் உருளும். ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்று: இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எந்த நொடியிலும் வண்டியைப் பற்றியிருக்க வேண்டும். முகம் ஏணியைப் பார்த்திருக்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. துடைப்பமும் மண்வெட்டியும் தேவையென்றால் மேலே போனபின் கயிறு கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். பாடம் சரிதான். ஆனால் ஏணியின் உச்சியில் அது பொய்த்துவிடுகிறது. வீட்டு மாடிக்குப் போகும் இரும்பு ஏணி என்றால் உச்சிக்கு மேலும் கைப்பிடி நீண்டிருக்கும். பிடித்துக்கொண்டு தளத்தில் கால் வைக்கலாம். டிரெய்லர் ஏணி விளிம்போடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பிடிக்க இருப்பவை தார்ப்பாயைத் தாங்கும் வளைவுக் கம்பிகள். அவை துணியைத் தாங்கச் செய்யப்பட்டவை, ஆளைத் தாங்க அல்ல. விளிம்பின்மேல் ஒரு காலைப் போட்டு, உடலைத் திருப்பி, மறுபக்கம் கால் தேடுகிற அந்தச் சில நொடிகளில் மூன்று பிடி என்பது சொல்லளவில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? பல வண்டிகளில் ஒன்றுமில்லை. பளபளவென்று தேய்ந்த அலுமினியச் சரிவு. தானியம் தங்காமல் வழுக்கி ஓட வேண்டும் என்றே அமைத்த சரிவில் மனிதனின் கால் மட்டும் நிற்குமா? சறுக்கி அடிக்கதவு வரை போய்ச் சேர்வது எளிது. திரும்பி ஏறத்தான் வழியில்லை; சுற்றிலும் வழவழப்பான சுவர், தலைக்கு மேலே எட்டாத விளிம்பு. தனியாக வந்தவரின் கைப்பேசி பெரும்பாலும் வண்டியின் கேபினில் கிடக்கும். இதனால் சிலர் அடிக்கதவு வழியாகவே நுழைந்து வெளியேறுவதும் உண்டு. கதவு நகர்ந்தால் இடுப்பில் கடிக்கும். கீழே குழியில் ஆகர் எனப்படும் சுழல்திருகோ கன்வேயரோ ஓடிக்கொண்டிருந்தால் காலே போய்விடும். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வேறொருவர் வண்டியை நகர்த்திவிடும் அபாயமும் இருக்கிறது. உள்ளே இறங்குகிறவர் வண்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற எளிய பழக்கம், விலையுயர்ந்த பல கருவிகளைவிட உதவும்.

இதுவரை சொன்னது காலி வண்டி. லோடு வண்டி வேறு ரகம்.

தானியம் நீரும் அல்ல, பாறையும் அல்ல. 1895-இல் யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு பரிசோதனை செய்தார். உயரமான கூட்டில் தானியத்தைக் கொட்டக் கொட்ட, அடித்தளத்தின் மீதான அழுத்தம் நீரில் கூடுவதுபோல் கூடிக்கொண்டே போகவில்லை. ஓரளவுக்குப் பின் நின்றுவிட்டது. மிச்ச எடையைச் சுவர்கள் உராய்வால் தாங்கிக்கொண்டன. நிற்கிற தானியத்தில் மணிகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துப் பூட்டிக்கொள்கின்றன. அதனால்தான் அதன்மேல் ஓரளவு நடக்க முடிகிறது. அடியில் ஒரு கதவு திறந்தவுடன் பூட்டு அவிழ்கிறது. கதவுக்கு நேர்மேலே உள்ள தானியம் முதலில் இறங்க, மேற்பரப்பில் கிண்ணம்போல் குழி விழுகிறது. சுற்றியுள்ள தானியம் அந்தக் குழியை நோக்கி ஓடுகிறது. மேலே நிற்பவரும் அதோடு மையத்துக்குப் போகிறார்.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 டன் மக்காச்சோளம் ஐந்து நிமிடத்தில் கொட்டித் தீர்கிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு எண்பது கிலோவுக்கு மேல். கன அளவில் நூறு லிட்டருக்கும் அதிகம். சராசரி மனித உடலின் கன அளவு சுமார் எழுபது லிட்டர். அதாவது ஒவ்வொரு விநாடியும் ஓர் ஆளின் அளவைவிட அதிகமான தானியம் காலடியிலிருந்து உருவப்படுகிறது. கத்துவதற்கும் அதைக் கீழே உள்ளவர் கேட்டுக் கதவை மூடுவதற்கும் போதுமான அவகாசம் அதில் இல்லை. இடுப்பளவு புதைந்தவரை மேலே இழுக்க 150 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தேவை என்றும், முழுக்கப் புதைந்தால் அது 400 கிலோவை எட்டும் என்றும் பொம்மைகளைப் புதைத்துச் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. மார்பளவு புதைந்தவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் சுருங்கிய மார்பைச் சுற்றித் தானியம் இறுகுகிறது. அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடம் குறைகிறது.

மணி எவ்வளவு சிறியதோ ஆபத்து அவ்வளவு பெரிது. மக்காச்சோளக் குவியலில் மணிகளுக்கிடையே கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் காற்றிடம் இருக்கிறது; வாயும் மூக்கும் அடைபடாமல் முகத்தைச் சுற்றிச் சிறிது இடம் கிடைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா ஓரிரு மில்லிமீட்டர் உருண்டை. ஓடும்போது ஏறக்குறைய நீர்தான். 2015 அக்டோபரில் ஆல்பர்ட்டா மாநிலத்தின் வித்ரோ என்ற ஊருக்கருகே, கனோலா ஏற்றிய வண்டியின் மேல் விளையாடிக்கொண்டிருந்த மூன்று சகோதரிகள் அதில் புதைந்து இறந்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது. மற்ற இருவரும் 11 வயது இரட்டையர். சமவெளி விவசாயக் குடும்பங்களில் தானிய வண்டி மேல் ஏறி விளையாடாத குழந்தை அபூர்வம். பெற்றோரும் அப்படி விளையாடி வளர்ந்தவர்களே. அந்தச் சாவுக்குப் பின் கனடிய வேளாண் பாதுகாப்புச் சங்கம், தானியத்தில் சிக்குவதையும் மீட்பதையும் செய்து காட்டும் நடமாடும் செய்முறை வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோனது. நெல் நிறைந்த குதிருக்குள் குழந்தை விழுந்துவிடும் என்று நம் பாட்டிமார் பயந்ததற்கும் தானியத்தில் புதையும் இந்த ஆபத்துதான் காரணம்.

சிக்கியவரை மீட்பதில் முதல் விதி, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முதுகெலும்பும் தோள்மூட்டும் தாங்காது. இரண்டாவது, அடிக்கதவைத் திறந்து தானியத்தை வடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அவரும் அதோடு கீழே போவார். இன்று பல கிராமப்புறத் தீயணைப்பு நிலையங்களில் மீட்புக் குழாய் இருக்கிறது. தகடு தகடாகப் பிரித்துக் கொண்டுவந்து, சிக்கியவரைச் சுற்றிச் செருகி உருளையாக்கி, உள்ளே உள்ள தானியத்தை மட்டும் சிறு ஆகராலோ உறிஞ்சு குழாயாலோ எடுத்துவிட்டால் அவரே ஏறி வரலாம். நேஷன்வைட் காப்பீட்டு நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் இவ்வகைக் குழாய்களைத் தீயணைப்பு நிலையங்களுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறது. டிரெய்லரில் கூடுதலாக ஒரு வசதி உண்டு: சுவர் மெல்லிய அலுமினியம், வெளியிலிருந்து வெட்டித் தானியத்தைச் சரிக்க முடியும். அதையும் பயிற்சி பெற்றவர்கள் இரு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும்.

பயிற்சி இல்லாமல் பாய்ந்து இறங்குகிறவர் அடுத்த பலியாவார். மூடிய இடங்களில் நடக்கும் சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று நியோஷ் எனப்படும் அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் எச்சரித்தது. மலக்குழி மரணச் செய்திகளை ஆண்டு முழுவதும் படிக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி சட்டம். 1977 டிசம்பரில் லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஒரு வாரத்துக்குள் டெக்சாசின் கால்வெஸ்டனிலும் ஒரு கிடங்கு வெடித்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின், 1987-இன் கடைசி நாளில் ஓஷா எனப்படும் அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிர்வாகம் தானியக் கையாளுகைக்கான விதியை வெளியிட்டது. அதன்படி தானியக் கூட்டுக்குள் ஆள் இறங்கும்போது இயந்திரங்களை நிறுத்திப் பூட்ட வேண்டும். காற்றைச் சோதிக்க வேண்டும். உடலில் கச்சையும் கயிறும் மாட்ட வேண்டும். வெளியே ஒருவர் கண்காணிக்க வேண்டும். தானியத்தை இறக்குவதற்காக அதன்மேல் நடக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது கட்டப்பட்ட கூடுகளையும் கிடங்குகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சக்கரம் வைத்த கூடு அதன் கண்ணில் சரியாகப் படவில்லை.

1993-இல் வந்த மூடிய இடங்களுக்கான விதி இன்னும் நெருங்கி வருகிறது. உள்நோக்கிக் குவியும் சுவர்களோ, சரிந்து குறுகும் தரையோ உள்ள இடம் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாத இடம் என்கிறது. ஹாப்பர் டிரெய்லரைப் பார்த்து வரைந்த வரையறைபோல் இருக்கிறது. தொழிற்சாலையிலும் வணிகக் கிடங்கிலும் அது செல்லும், விவசாயத்துக்குச் செல்லாது. போதாக்குறைக்கு, பத்து அல்லது அதற்குக் குறைவான தொழிலாளர் உள்ள பண்ணைகளில் ஓஷா தன் விதிகளை அமல்படுத்தப் பணம் செலவிடக் கூடாது என்று 1976 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி மசோதாவில் நிபந்தனை போட்டு வருகிறது. ஹாப்பர் டிரெய்லர்களில் கணிசமானவை ஓடுவது அத்தகைய பண்ணைகளில்தான்.

விழுவதைப் பற்றிய விதிகளும் இப்படியே வண்டியைச் சுற்றி வளைந்து போகின்றன. வண்டிகளின் உச்சியில் வேலை செய்கிறவர் விழுவதைப் பொது விதியின் கீழ் குற்றமாக்க வேண்டாம், கட்டடத்துக்குள்ளோ அதை ஒட்டியோ நின்று பாதுகாப்பு ஏற்பாடு செய்ய முடிகிற இடத்தில் மட்டும் நடவடிக்கை எடுக்கலாம் என்று 1996-இல் ஓஷா தன் ஆய்வாளர்களுக்கு எழுதியது. 2016-இல் நடைதளங்களுக்கான விதியை முழுக்கத் திருத்தியபோதும் மோட்டார் வாகனங்களையும் ரயில் பெட்டிகளையும் அதில் சேர்க்கவில்லை. லாரி கேபினில் ஏறுவதற்கு மட்டும் கூட்டரசு வகுத்த, படிகளுக்கும் கைப்பிடிகளுக்குமான விதி இருக்கிறது. எந்த நேரமும் மூன்று உறுப்புகள் வண்டியில் பட்டிருக்க இடமிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1982 செப்டம்பர் முதல் தயாரான, எஞ்சினுக்கு மேல் கேபின் அமைந்த உயரமான லாரிகளுக்கே அது பொருந்தும். பின்னால் இழுபடும் டிரெய்லரின் ஏணியைப் பற்றி அதில் பேச்சில்லை.

ரயிலோடு ஒப்பிட்டால் வேடிக்கை புரியும். 1893-இல் அமெரிக்கா ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டம் இயற்றியது. 1910-இல் ஏணிகளும் படிகளும் மேல்நடைபாதைகளும் அதில் சேர்ந்தன. கைப்பிடிக் கம்பியின் விட்டம் குறைந்தது அங்குலத்தில் எட்டில் ஐந்து பாகம். நீளம் 16 அங்குலம். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழைய 2 அங்குலம் என்று அங்குலச் சுத்தமாக அளவு வகுத்தார்கள். அதே கோதுமையை ஏற்றும் ரயில் ஹாப்பர் வேகனின் ஏணிக்கு நூறாண்டுக்கு மேலாக அளவு இருக்கிறது. அந்த வேகனுக்குக் கோதுமையைக் கொண்டுவந்து சேர்க்கும் டிரெய்லரின் ஏணி, தயாரிப்பாளரின் மனசாட்சியையும் வாங்குகிறவரின் பணப்பையையும் பொறுத்தது.

பதின்பருவத்தினரின் நிலைமை இன்னும் மோசம். 2009-இன் ஈர அறுவடை கெட்டுக் கட்டிதட்டியதால் 2010-இல் தானியத்தில் சிக்கும் விபத்துகள் உச்சத்தைத் தொட்டன. இவற்றைப் பல பத்தாண்டுகளாகத் தொகுத்துவரும் பர்டியூ பல்கலைக்கழகம் அந்த ஆண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்தது. இல்லினாயின் மவுண்ட் காரல் ஊரில் ஒரு கூட்டுக்குள் 14 வயதுச் சிறுவனும் 19 வயது இளைஞனும் புதைந்து இறந்ததும் அந்த ஜூலையில்தான். ஓஷாவின் அன்றைய தலைவர் டேவிட் மைக்கேல்ஸ் ஆயிரக்கணக்கான கிடங்கு நடத்துநர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். 18 வயதுக்குட்பட்டவர்களைக் கூலிக்குத் தானியக் கிடங்குகளில் அமர்த்தக் கூடாது என்பதையும் உள்ளடக்கிய விதியைத் தொழிலாளர் துறை 2011-இல் முன்வைத்தது. குடும்ப விவசாயத்தில் அரசு கைவைக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, 2012 ஏப்ரலில் விதி திரும்பப் பெறப்பட்டது.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. பூச்சியை அழிக்கத் தானியத்தில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, நம் ஊரில் செல்பாஸ் என்ற பெயரில் அறியப்பட்டது, ஈரக்காற்றில் பாஸ்பின் வாயுவை விடும். பத்து லட்சத்தில் 0.3 பங்குதான் வேலை நேரத்துக்கு ஓஷா அனுமதிக்கும் அளவு. அமெரிக்காவில் புகைமூட்டப்பட்ட ரயில் வேகன் ஓடலாம். லாரி பொதுச்சாலையில் ஓடக் கூடாது. ஆகவே டிரெய்லரில் இது அரிது. பூஞ்சைத் தூசிதான் அன்றாட எதிரி. தானியம் சலிப்போரின் மூச்சிரைப்பைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே எழுதிவிட்டார். இன்றும் முகக்கவசமில்லாமல் துடைப்பம் போடுகிறவர்கள் குறையவில்லை.

சிமென்ட், மாவு, பிளாஸ்டிக் மணி ஏற்றும் மூடிய பல்கர் லாரிகளின் ஆபத்து வேறு மாதிரி. காற்றழுத்தத்தால் சரக்கைத் தள்ளும் வண்டி அது. மேல்மூடி சுமார் 20 அங்குல வட்டம். உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரே ஒரு பவுண்டு அழுத்தம் மிச்சமிருந்தாலும் மூடியின்மேல் 140 கிலோ விசை உட்கார்ந்திருக்கும். அழுத்தம் முழுக்க இறங்குமுன் கொக்கியைத் தட்டினால் மூடி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஓட்டுநர் நின்றுகொண்டிருப்பதோ தொட்டியின் முதுகில்.

சரி, எது வேலை செய்கிறது? கச்சை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. வழக்கமான ஆறடிக் கயிறும், அதிர்ச்சியை வாங்கும் பட்டை மூன்றரை அடி வரை விரிவதும் சேர்ந்தால் ஒன்பதரை அடி. டிரெய்லரின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. காலடி மட்டத்தில் கொக்கியை மாட்டி விழுந்தவர், கயிறு பிடிப்பதற்கும் தரை பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்ச் சேர்வார். கொக்கி மாட்டும் இடம் ஒருவருக்கு 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்பது விதி. தார்ப்பாய்க் கம்பி அதில் ஒரு சிறு பங்குகூடத் தாங்காது. தலைக்கு மேலே உத்திரத்தில் ஓடும் தண்டவாளமும், தானாகச் சுருண்டு இழுத்துப் பிடிக்கும் கயிறும் உள்ள கொட்டகையில்தான் கச்சைக்குப் பொருள் உண்டு. பெரிய நிலையங்களில் அது இருக்கிறது. வயல்வெளியில் நிற்கும் வண்டிக்கு மேலே வானம்தான் இருக்கிறது.

எனவே உண்மையில் பலன் தருபவை ஏறுவதையே ஒழிக்கும் ஏற்பாடுகள்: தரையில் நின்று பொத்தானை அழுத்தினால் உருண்டு மூடும் மின் தார்ப்பாய், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிச் சாளரம், கட்டிதட்டிய சரக்கை வெளியிலிருந்தே உதிர்க்கும் அதிர்வுக் கருவி, அடிக்கதவு வழியாக உள்ளே நீட்டிச் சுத்தம் செய்யும் நீண்ட காற்றுக் குழாய், சுழலும் நீர்முனை கொண்ட கழுவு நிலையம். கனடாவின் கூட்டரசுப் பணிப் பாதுகாப்பு விதிகள் இந்த வழியைத்தான் சொல்கின்றன: வண்டிமேல் பாதுகாப்புக் கச்சை ஏற்பாடு சாத்தியமில்லை என்றால், வேலையை ஆராய்ந்து ஏறும் தேவையைக் குறைக்க வேண்டும், ஏறியே ஆக வேண்டியவருக்குப் பயிற்சி தர வேண்டும். இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு மட்டும்: வண்டி காலி, சாவி சட்டைப்பையில், கீழே எந்த இயந்திரமும் ஓடாமல், கூப்பிடு தூரத்தில் இன்னொருவர், உள்ளே பற்றவைத்த படிகள். உள்படிகளை இன்றும் சில தயாரிப்பாளர்கள் கேட்டால் மட்டும் தருகிறார்கள், அதுவும் தனிக் கட்டணத்தில். கட்டாயமாக இருக்க வேண்டியதைக் கூடுதல் வசதியாக விற்பது, எந்த விலைப்பட்டியலில் இருந்தாலும் தவறு.

இந்தியாவில் தானியம் இன்னமும் பெரும்பாலும் சாக்கில்தான் பயணம் செய்கிறது. ஆனால் பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் இந்திய உணவுக் கழகத்துக்காக எழுப்பப்பட்ட எஃகுக் கூடுகளிலிருந்து கோதுமை மொத்தமாக, மேலே ஏற்றிக் கீழே இறக்கும் தனி வேகன்களில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வருகிறது. நாட்டின் பல இடங்களில் மேலும் கூடுகள் கட்டப்படுகின்றன. கூடு வந்தால் ஹாப்பர் வண்டியும் பின்னாலேயே வரும். நம் சட்டத்தின் கவனமும் வேறிடத்தில்தான் இருந்திருக்கிறது: பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, மூடிய இடத்துக்குள் வாயுவாலும் புகையாலும் தூசியாலும் மயங்குவதைப் பற்றியே பேசியது, ஓடும் தானியத்தில் புதைவதைப் பற்றி அல்ல, அதுவும் தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும். விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஹாப்பர் பாடி கட்டச் சொல்கிறவர்களும், நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் அதைக் கட்டப்போகிறவர்களும் முதல் வரைபடத்திலேயே மூன்றைச் சேர்த்துவிட வேண்டும்: விளிம்புக்கு மேல் நீளும் கைப்பிடி, உள்ளே பற்றவைத்த படிகள், தரையிலிருந்து இயக்கும் தார்ப்பாய்.